வேலை கையில் இல்லாமல் ஜெர்மனிக்குக் கிளம்பலாமா? பொறியாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோயம்புத்தூரில் ஆறு வருஷம் பிஎல்சி (தொழிற்சாலை இயந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) புரோகிராம் எழுதி, பேனல் போட்டுக்கொண்டிருந்தவன் நான். 2017 செப்டம்பரில் வேலையை விட்டுவிட்டு, வேலை தேடும் விசாவில் ஜெர்மனிக்கு வந்தேன். ஆறு மாதம் தேடியும் கிடைக்காமல் ஊர் திரும்பினேன். 2019-இல் வேலை ஒப்பந்தத்தோடு மறுபடி வந்தேன். இப்போது ஸ்டுட்கார்ட்டுக்குக் கிழக்கே ஒரு சிற்றூரில், பேக்கிங் இயந்திரங்கள் செய்யும் நிறுவனத்தில் இருக்கிறேன். தங்கள் படிப்புக்கும் அனுபவத்துக்கும் இங்கே இடம் உண்டா என்று தம்பி தங்கைகள் பலர் கேட்டு எழுதுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் எழுதியதைச் சேர்த்து இங்கே வைத்திருக்கிறேன்.

வேலை இல்லாமல் போய்த் தேடுவதற்கு என்றே விசா உண்டா?

உண்டு. 2024 ஜூன் 1 முதல் 'சான்சென்கார்ட்டே' என்ற வாய்ப்பு அட்டையைக் கொடுக்கிறார்கள். வேலை ஒப்பந்தம் எதுவும் இல்லாமலே அதிகபட்சம் ஒரு வருஷம் தங்கி வேலை தேடலாம். அந்தக் காலத்தில் வாரத்துக்குச் சராசரியாக 20 மணி நேரம் எந்த வேலையும் பார்க்கலாம். ஒரு நிறுவனம் உங்களைக் கூப்பிட்டு வேலை செய்ய வைத்துப் பார்க்க விரும்பினால், நிறுவனத்துக்கு இரண்டு வாரம் வரை அதற்கும் அனுமதி உண்டு. சொந்தத் தொழிலோ ஃப்ரீலான்ஸோ செய்யக்கூடாது.

நான் வந்த காலத்து விசா ஆறு மாதம்தான். ஒரு மணி நேரம்கூட வேலை செய்ய முடியாது. சேமிப்பு கரைவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த வகையில் இன்றைய ஏற்பாடு எவ்வளவோ மேல்.

எனக்குத் தகுதி இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இரண்டு வழி இருக்கிறது. முதலில் 'அனாபின்' என்ற ஜெர்மன் அரசின் தரவுத்தளத்தைத் திறந்து பாருங்கள். உங்களுக்குப் பட்டம் கொடுத்த பல்கலைக்கழகத்துக்கு 'எச் பிளஸ்' என்ற அங்கீகாரக் குறியும், உங்கள் பட்டத்துக்கு ஜெர்மன் பட்டத்துக்குச் சமம் என்ற குறிப்பும் இருந்தால், சட்டத்தின் பார்வையில் நீங்கள் தகுதி பெற்ற பணியாளர். அப்புறம் புள்ளிக் கணக்கே தேவையில்லை. இதில் நம்மவர்கள் செய்யும் தவறு, படித்த கல்லூரியின் பெயரைப் போட்டுத் தேடிவிட்டு 'இல்லை' என்று மனம் உடைந்துபோவது. பட்டச் சான்றிதழை எடுத்து, அதை வழங்கியது யார் என்று பாருங்கள். அண்ணா பல்கலைக்கழகம் வழங்கியிருந்தால் அந்தப் பெயரில் தேடுங்கள். உங்கள் படிப்பு அங்கே தெளிவாக இல்லாவிட்டால், 'சாப்' எனப்படும் வெளிநாட்டுக் கல்விக்கான மைய அலுவலகத்தில் 208 யூரோ கட்டி ஒப்பீட்டுச் சான்று வாங்கலாம்.

இரண்டாவது வழி புள்ளிகள். ஆறு புள்ளி வேண்டும். அதோடு ஜெர்மனில் ஏ1 அல்லது ஆங்கிலத்தில் பி2 சான்றிதழும் கட்டாயம் (ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஏறிக்கொண்டே போகும் மொழித்திறன் படிகள் இவை). ஓசூரில் நான்கு வருஷமாக வேலை பார்க்கும் 29 வயது மெக்கானிக்கல் பொறியாளரை எடுத்துக்கொள்வோம். 35 வயதுக்குள் என்பதால் 2. கடந்த ஐந்து வருஷத்தில் துறை சார்ந்த அனுபவம் இரண்டு வருஷமாவது இருப்பதால் 2. பொறியியல் ஆள் பற்றாக்குறைத் துறை என்பதால் 1. ஆக மொத்தம் 5. ஆங்கிலத்தில் சி1 அளவு இருந்தால் இன்னொரு புள்ளி வரும். ஜெர்மன் ஏ2 முடித்தாலும் ஒரு புள்ளி. பி1 என்றால் இரண்டு, பி2 என்றால் மூன்று. கடந்த ஏழு வருஷத்தில் ஐந்து வருஷ அனுபவம் இருப்பவருக்கு அனுபவத்துக்கே 3 புள்ளி. 36 முதல் 40 வயது வரை உள்ளவர்களுக்கு வயதுக்கு ஒரு புள்ளிதான்.

'மேக் இட் இன் ஜெர்மனி' என்ற அரசுத் தளத்தில் நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கும் வசதி இருக்கிறது. பத்து நிமிஷ வேலை. இதைப் பார்த்துச் சொல்வதற்கு யாருக்கும் காசு கொடுக்காதீர்கள்.

எவ்வளவு பணம் வேண்டும்?

2025-இல் மாதம் 1,091 யூரோ என்று கணக்கு வைத்திருந்தார்கள். ஒரு வருஷத்துக்கு 13,092 யூரோ. இதை 'பிளாக்டு அக்கவுண்ட்' என்ற கணக்கில் முன்கூட்டியே போட்டுவிட வேண்டும். ஜெர்மனிக்கு வந்த பிறகு மாதாமாதம் அந்த அளவு மட்டும் உங்கள் கைக்கு வரும். தொகை அவ்வப்போது மாறும் என்பதால் விண்ணப்பிக்கும் நாளில் தூதரகத் தளத்தில் ஒருமுறை சரிபாருங்கள். ஜெர்மனியில் இருக்கும் உறவினர் உங்கள் செலவுக்குப் பொறுப்பேற்று எழுதிக்கொடுத்தாலும் ஏற்பார்கள். பகுதி நேர வேலைக்கான ஒப்பந்தம் முன்பே கையில் இருந்தால் அதையும் கணக்கில் எடுப்பார்கள்.

ஒரு யூரோவை நூறு ரூபாய் என்று வைத்தாலே 13 லட்சம் தாண்டுகிறது. இங்கே பலர் எதிர்பார்க்காத ஒரு செலவு உண்டு. 2025 ஏப்ரலிலிருந்து, ஒரு நிதியாண்டில் 10 லட்சத்துக்கு மேல் வெளிநாட்டுக்கு அனுப்பினால், மேற்பட்ட தொகையில் 20 சதவீதத்தை வங்கி முன்வரியாகப் பிடிக்கும். 13 லட்சம் அனுப்பினால் ஏறக்குறைய 60,000 ரூபாய். வருமான வரி தாக்கல் செய்யும்போது இது திரும்பக் கிடைக்கும், அல்லது கட்ட வேண்டிய வரியில் கழியும். ஆனாலும் அனுப்பும் நாளில் கையில் இருந்தாக வேண்டும். என்னிடம் கேட்ட ஒரு பெண், பணம் அனுப்பும் அன்று காலையில்தான் இதைத் தெரிந்துகொண்டு நகையைக் கொண்டுபோய் வைத்தார். அதனால்தான் இவ்வளவு விளக்கமாகச் சொல்கிறேன்.

விசாக் கட்டணம் 75 யூரோ. டிக்கெட், மருத்துவக் காப்பீடு, மொழித் தேர்வு, வீட்டு முன்பணம் எல்லாம் தனி. பிளாக்டு அக்கவுண்ட் போக இன்னும் மூன்று நான்கு லட்சமாவது இல்லாமல் கிளம்பாதீர்கள்.

அந்தப் பணத்தைக் கடன் வாங்கலாமா?

வேண்டாம். வட்டி ஓடும்போது மனம் நிதானமாக வேலை தேடாது, கிடைத்ததைப் பிடிக்கும். வீட்டுக் கடனுக்கோ தங்கையின் திருமணக் கடனுக்கோ மாதத் தவணை கட்டிக்கொண்டிருப்பவர்களும், ஒரு வருஷத் தவணையைத் தனியாக எடுத்து வைத்த பிறகே இதைப் பற்றி யோசியுங்கள்.

ஜெர்மன் தெரியாமல், ஆங்கிலத்தை மட்டும் வைத்துச் சமாளிக்க முடியாதா?

என்னிடம் வரும் கேள்விகளிலேயே இதுதான் அதிகம். நான் ஆறு மாதத்தைத் தொலைத்ததும் இதில்தான். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பெர்லினிலும் மியூனிக்கிலும் மென்பொருள் எழுதுபவர்களுக்கு ஆங்கிலத்தில் நடக்கும் அலுவலகங்கள் உண்டு. அந்த இடங்களுக்கு உலகம் முழுவதிலிருந்தும் விண்ணப்பம் வருகிறது. நீங்கள் மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல், சிவில், ஆட்டோமேஷன் ஆள் என்றால் கதை வேறு. உங்களுக்கான வேலையில் பெரும்பகுதி பெரிய நகரங்களில் இல்லை. இருநூறு, முந்நூறு பேர் வேலை பார்க்கும் குடும்ப நிறுவனங்களில், ரயில் ஒரு மணி நேரத்துக்கு ஒன்று வரும் ஊர்களில் இருக்கிறது. அங்கே ஷாப் ஃப்ளோர் பேசுவது ஜெர்மன், அதுவும் வட்டாரப் பேச்சு.

2017 டிசம்பரில் அப்படி ஓர் ஊரில் நேர்காணலுக்குப் போனேன். முதல் இருபது நிமிஷம் மேலாளர் ஆங்கிலத்தில் பேசினார், நன்றாகவே போனது. அப்புறம் பட்டறையின் மூத்த மேற்பார்வையாளரை உள்ளே அழைத்தார். அவர் ஒரு டிரைவின், அதாவது மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவியின், பழுதைப் பற்றிக் கேட்டார். வேகம் குறையும்போது மட்டும் டிரிப் ஆகிறது, என்ன பார்ப்பாய் என்பதுதான் கேள்வி என்று அவர் கையசைவையும் இரண்டு மூன்று சொற்களையும் வைத்துப் புரிந்துகொண்டேன். பிரேக்கிங் ரெசிஸ்டர். பொள்ளாச்சி ரோட்டில் ஒரு நூல் மில்லில் இதே பழுதை இரவு இரண்டு மணிக்குச் சரிசெய்திருக்கிறேன். விடை எனக்குத் தெரியும், சொல்லத்தான் வாயில்லை. மேலாளர் மொழிபெயர்த்தார். மேற்பார்வையாளர் மரியாதையாகத் தலையாட்டினார். அந்த வேலை எனக்கு வராது என்று அவர் எழுந்தபோதே தெரிந்துவிட்டது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். இரவு இரண்டு மணிக்கு இயந்திரம் நின்றால் அவர் போனில் பேசப் போவது என்னிடம்தானே?

அந்த வாரம் ஸ்டுட்கார்ட்டில் ஓர் ஈழத்தமிழர் கடைக்கு அரிசி வாங்கப் போனேன். 1980-களில் வந்தவர். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பாஷை தெரியாமல் இஞ்ச ஒண்டும் செய்யேலாது தம்பி. நாங்கள் பாத்திரம் கழுவிக் கழுவிப் படிச்சனாங்கள். நீங்கள் ஊரில இருந்தே படிச்சிட்டு வரலாமே" என்றார். போர் துரத்தி, படிக்க அவகாசமே இல்லாமல் வந்த ஒருவர் சொன்ன வார்த்தை அது. எனக்கு அவகாசம் இருந்தது, நான்தான் எடுத்துக்கொள்ளவில்லை.

ஏ1 விசாவுக்குப் போதும், வேலைக்குப் போதாது. பி1 முடித்துவிட்டு வாருங்கள், முடிந்தால் பி2. வேலை பார்த்துக்கொண்டே மாலையில் படித்து பி1 எழுத எனக்குப் பதினான்கு மாதம் பிடித்தது. சென்னையில் நுங்கம்பாக்கத்தில் இருக்கும் கோத்தே நிறுவனத்தில் வகுப்பும் தேர்வும் உண்டு. வகுப்புப் பாடத்தோடு உங்கள் தொழில் சொற்களையும் தனியாகச் சேருங்கள். இங்கே பிஎல்சி என்று யாரும் சொல்வதில்லை, எஸ்பிஎஸ் என்பார்கள். பேனல் என்பது ஷால்ட்ஷ்ராங்க், கமிஷனிங் என்பது இன்பெட்ரீப்நாமே, பழுது என்பது ஷ்டோருங். இப்படி இருநூறு சொல் கையில் இருந்தால், இலக்கணம் தடுமாறினாலும் மேற்பார்வையாளர் உங்கள் பக்கம் திரும்பி உட்காருவார்.

என் துறையில் இப்போது உண்மையிலேயே வேலை இருக்கிறதா?

கார் துறையை நம்பி வருகிறீர்கள் என்றால் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள். சென்னை, ஓசூர், கோவையிலிருந்து வருபவர்களில் பாதிப் பேருக்கு அந்த அனுபவம்தான் என்பதால் இதை மறைக்க விரும்பவில்லை. 2030-க்குள் 35,000-க்கு மேற்பட்ட வேலைகளைக் குறைக்க ஃபோக்ஸ்வாகன் 2024 டிசம்பரில் தொழிற்சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டது. கார் பாகங்கள் செய்யும் இசட்எஃப் 14,000 வரை குறைப்பதாக 2024-இல் சொன்னது. பாஷ் 2025 செப்டம்பரில் 13,000 என்று அறிவித்தது. அப்படி வெளியே வரும் அனுபவசாலிகள் ஜெர்மன் பேசுபவர்கள். நீங்கள் போட்டியிட வேண்டியது அவர்களோடுதான்.

மறுபக்கமும் இருக்கிறது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் பெருகிப் பிறந்த தலைமுறை இப்போது வரிசையாக ஓய்வு பெறுகிறது. காற்றாலை மின்சாரத்தை வடக்கிலிருந்து தெற்குக்குக் கொண்டுவரும் மின்தொடர்கள், துணை மின்நிலையங்கள், ரயில் சிக்னல், பாலங்கள் என்று வேலை குவிந்து கிடக்கிறது. கட்டமைப்புக்காக 500 பில்லியன் யூரோ சிறப்பு நிதிக்கு 2025 மார்ச்சில் அரசியல் சட்டத்தையே திருத்தினார்கள். கட்டடங்களின் வெப்பமூட்டல், காற்றோட்டம் வடிவமைப்பவர்களும், சப்ஸ்டேஷன் புரொடெக்‌ஷன் தெரிந்தவர்களும், இயந்திரங்களுக்கு எஸ்பிஎஸ் எழுதி நேரில் போய் ஓடவைப்பவர்களும் இங்கே தேவைப்படுகிறார்கள். கார் பாகத் தொழிற்சாலையில் மெயின்டெனன்ஸ் பார்த்தவர் தன்னை 'ஆட்டோமொபைல் ஆள்' என்று எழுதாமல், ஆட்டோமேஷன் ஆள் என்று எழுதினால் திறக்கும் கதவுகள் அதிகம். அனுபவம் அதேதான்.

வேலையை எப்போது ராஜினாமா செய்வது?

விசா கைக்கு வந்த பிறகு. நிறையப் பேர் ராஜினாமாவை முதல் படியாக வைக்கிறார்கள், அதைக் கடைசிப் படியாக வையுங்கள். 90 நாள் நோட்டீஸ் இருக்கிறதே என்றால், விசா ஒட்டியவுடன் பேசி, பயணத் தேதியை அதற்கேற்ப வைத்துக்கொள்ளலாம்.

அதைவிட முக்கியமானது, தேடலையே ஊரிலிருந்து தொடங்குவது. ஜெர்மன் நிறுவனங்கள் ஆள் எடுக்க நிதானமாகத்தான் நடக்கும். விண்ணப்பம் போட்டு முதல் பதில் வரவே சில வாரம் ஆகும். இரண்டு சுற்று நேர்காணல். அதன் பின் தொழிலாளர் குழுவின் ஒப்புதல் என்று மூன்று மாதம் சுலபமாக ஓடிவிடும். இங்கே இறங்கிய பிறகுதான் முதல் விண்ணப்பம் என்றால், ஒரு வருஷத்தில் நான்கு மாதம் பழகுவதற்கே போய்விடும். புறப்படுவதற்கு நான்கு மாதம் முன்பே விண்ணப்பிக்கத் தொடங்குங்கள். 'இந்தத் தேதியில் ஜெர்மனியில் இருப்பேன், நேரில் வரமுடியும், இரண்டு வாரம் வேலை செய்து காட்டவும் அனுமதி உண்டு' என்று கடிதத்தின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள்.

மாதத்தையும் பாருங்கள். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முதல் வாரம் வரையிலும், ஆகஸ்டிலும் பலர் விடுப்பில் இருப்பார்கள். ஆட்டோமேஷன் ஆட்கள் நவம்பரில் நியூரம்பெர்க்கில் நடக்கும் எஸ்பிஎஸ் கண்காட்சியைத் தவறவிடாதீர்கள். பொது இயந்திரத் துறைக்கு வசந்தத்தில் ஹனோவர் கண்காட்சி. எனக்கு இன்று சோறு போடும் நிறுவனத்தின் பொறியாளரை 2017 நவம்பரில் நியூரம்பெர்க்கில், அவர்களுடைய அரங்கில்தான் சந்தித்தேன். அன்று அவர் வேலை கொடுக்கவில்லை. என் அட்டையை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

சி.வி.யில் எதை மாற்ற வேண்டும்?

அப்பா பெயர், பொழுதுபோக்குகள், 'மேற்கண்டவை உண்மை என உறுதி கூறுகிறேன்' என்ற கடைசி வரி, எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். இரண்டு பக்கம், அட்டவணை போல, அண்மையது முதலில். எந்தக் கட்டுப்படுத்தி, எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பு, எத்தனை இயந்திரம் ஓடவைத்தீர்கள் என்று எண்ணோடு எழுதுங்கள். இடைவெளி இருந்தால் மறைக்காமல் ஒரு வரியில் காரணம் சொல்லுங்கள்.

இங்கே நிறுவனங்கள் பணியாளரைப் பற்றி விரிவான பணிச் சான்று எழுதிக் கொடுப்பது வழக்கம். நம்மூர் அனுபவக் கடிதத்தில் சேர்ந்த தேதியும் விட்ட தேதியும்தான் இருக்கும். வேலையை விடும்போது மேலாளரிடம் உட்கார்ந்து, என்னென்ன பொறுப்பு, என்னென்ன இயந்திரம் என்று ஒரு பக்கம் எழுதி லெட்டர்ஹெட்டில் வாங்கிவிடுங்கள். பிறகு ஜெர்மனியிலிருந்து கேட்டு வாங்குவது பெரும்பாடு.

இன்னொன்று: நேரில் போய் இயந்திரம் ஓடவைக்கும் வேலைகளுக்கு ஓட்டுநர் உரிமம் கேட்பார்கள். இந்திய உரிமம் ஆறு மாதத்துக்குத்தான் செல்லும். அதன் பின் எழுத்துத் தேர்வும் ஓட்டுத் தேர்வும் எழுத வேண்டும். ஊரில் கார் ஓட்டப் பழகாதவர்கள் வருவதற்கு முன் பழகிக்கொள்ளுங்கள்.

டூரிஸ்ட் விசாவில் போய்த் தேடினால் செலவு குறையுமே?

ஷெங்கன் எனப்படும் குறுகிய கால விசாவில் நேர்காணலுக்குப் போய்வரலாம். வேலை கிடைத்தால் அங்கிருந்தபடியே விசாவை மாற்ற முடியாது. சென்னைக்குத் திரும்பி வந்து புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். அந்த விசாவில் வேலை செய்வது சட்ட மீறல். குறிப்பிட்ட ஒரு நேர்காணல் கையில் இருந்தால் தவிர, இதற்காகச் செலவு செய்யாதீர்கள்.

ஏஜென்ட் மூலம் போகலாமா? 'வேலை உறுதி' என்கிறார்களே?

வாய்ப்பு அட்டையோடு வேலையும் உறுதி என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். வேலை இல்லாதவர்களுக்கான அட்டை இது. உறுதியான வேலை இருந்தால் நேரடியாக வேலை விசாவே வாங்கலாம். நியமனக் கடிதத்துக்கு எந்த ஜெர்மன் நிறுவனமும் பணம் கேட்காது. விண்ணப்பத்தைத் தூதரகச் சேவைகளுக்கான இணையதளத்தில் நீங்களே நிரப்பலாம். படிவம் நீளமானது, ஆனால் பொறியியல் கல்லூரி நுழைவுக் கலந்தாய்வைக் கடந்து வந்த உங்களுக்கு முடியாத காரியம் இல்லை. நான் 2017-இல் ஒரு முகவரிடம் 80,000 ரூபாய் கொடுத்தேன். அவர் செய்ததெல்லாம் நான் எழுதிக் கொடுத்ததைத் தட்டச்சு செய்ததுதான்.

போய் இறங்கிய முதல் சில வாரங்களில் என்ன செய்ய வேண்டும்?

எல்லாம் முகவரியில் தொடங்குகிறது. குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். 'அன்மெல்டுங்' என்பார்கள். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட படிவம் வேண்டும். பதிந்தால்தான் வரி எண் தபாலில் வரும், அது இருந்தால்தான் பகுதி நேர வேலையில் சம்பளம் ஒழுங்காக வரும். ஆகவே அறை பார்க்கும்போது முதல் கேள்வி, இங்கே பதிய விடுவீர்களா என்பதுதான். முன்பணம் அடிப்படை வாடகையில் மூன்று மாதம் வரை கேட்கலாம். பார்க்காத அறைக்கு ஒரு யூரோகூட அனுப்ப வேண்டாம். வெளிநாட்டில் இருக்கிறேன், சாவியைத் தபாலில் அனுப்புகிறேன் என்று சொல்பவர் ஏமாற்றுக்காரர்.

ஸ்டுட்கார்ட், மியூனிக்கில் ஓர் அறைக்கே 600, 700 யூரோவோ அதற்கு மேலோ போய்விடும். நாடு முழுவதும் உள்ளூர் ரயில், பஸ் எல்லாவற்றுக்கும் செல்லும் மாதச் சீட்டு 2026-இல் 63 யூரோ. எனவே நகரத்தை விட்டு நாற்பது நிமிஷம் தள்ளி, மலிவான ஊரில் தங்குவது புத்திசாலித்தனம்.

பகுதி நேர வேலையில் செலவைச் சமாளிக்க முடியுமா?

ஓரளவு. 2026 ஜனவரி முதல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13.90 யூரோ. வாரம் 20 மணி நேரம் என்றால் பிடித்தம் போவதற்கு முன் மாதம் 1,200 யூரோ வரும். மாதம் 603 யூரோவுக்கு மேல் சம்பளம் உள்ள வேலையாக இருந்தால் அரசு மருத்துவக் காப்பீட்டுக்குள்ளும் வந்துவிடுவீர்கள். அதுவரை தனியார் காப்பீடு உங்கள் செலவு.

கிடங்கிலோ உணவகத்திலோ வேலை செய்வதில் எந்தக் குறையும் இல்லை. பேச்சு மொழி அங்கேதான் வேகமாக வரும். ஆனால் இரவு ஷிஃப்ட் பார்த்துவிட்டுப் பகலெல்லாம் தூங்கி, எட்டு மாதம் விண்ணப்பமே போடாத ஒரு தம்பியை எனக்குத் தெரியும். காலை வேளையை விண்ணப்பத்துக்கு ஒதுக்கிவிட்டு, மாலையில் மட்டும் வேலை எடுங்கள். உங்கள் துறையிலேயே 20 மணி நேர வேலை கிடைத்தால், கூலி குறைவாக இருந்தாலும் அதையே எடுங்கள்.

மனைவியையோ கணவரையோ கூட அழைத்துப் போகலாமா?

இருவரும் தகுதி உள்ளவர்கள் என்றால் ஒன்றாக விண்ணப்பிக்கலாம், அதற்கு ஒரு புள்ளியும் உண்டு. மற்றபடி ஒருவர் முதலில் வாருங்கள். வேலை கிடைத்து 'புளூ கார்டு' என்ற, பட்டதாரிப் பணியாளர்களுக்கான வசிப்பு அனுமதி வந்துவிட்டால், துணைக்கு ஜெர்மன் சான்றிதழ் கேட்காமலே விசா கொடுப்பார்கள், வந்த நாளிலிருந்து வேலையும் பார்க்கலாம்.

ஜெர்மனியை விட்டால் வேறு நாடு?

கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி, ஆஸ்திரேலியாவின் 189 விசா இரண்டும் வேலை இல்லாமலே நிரந்தர வசிப்புரிமையோடு போகும் வழிகள். காத்திருப்பும் போட்டியும் அதிகம். ஆஸ்திரியாவில் ஆறு மாத வேலை தேடும் விசா இருக்கிறது, 100-க்கு 70 புள்ளி வேண்டும். நான் வாழ்ந்து பார்த்தது ஜெர்மனி மட்டும் என்பதால் மற்றவற்றை அங்கே இருப்பவர்களிடம் கேளுங்கள்.

ஒரு வருஷம் முடிந்தும் கிடைக்கவில்லை என்றால்?

திரும்ப வேண்டும். வாய்ப்பு அட்டையை இரண்டு வருஷம் வரை நீட்டிக்க ஒரு வழி உண்டு. ஆனால் தகுதிக்கேற்ற வேலை ஒப்பந்தம் கையில் இருந்து, வேறு அனுமதி எதற்கும் அது பொருந்தாதபோது மட்டும்தான். வெறுமனே தேடுவதற்காக நீட்டிக்க மாட்டார்கள்.

கிளம்பும் முன்பே வீட்டில் உட்கார்ந்து ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். எட்டாவது மாதம் முடியும்போது ஒரு நிறுவனத்திலாவது இரண்டாம் சுற்று வரை போயிருக்க வேண்டும். இல்லையென்றால் திரும்பும் ஏற்பாட்டைத் தொடங்குவோம் என்று அப்பா, அம்மா, துணை எல்லாரும் அறிய முடிவு செய்யுங்கள். நான் அப்படிச் செய்யவில்லை. கடைசி நாள்வரை 'அடுத்த வாரம் பதில் வரும்' என்று வீட்டுக்குப் போனில் சொல்லிக்கொண்டிருந்தேன். திரும்பிய பிறகு அம்மா கேட்டது ஒன்றுதான்: "முன்னாடியே சொல்லியிருந்தா இன்னும் ரெண்டு மாசக் காசு மிஞ்சியிருக்குமேப்பா?"

2018 மார்ச்சில் கோவை திரும்பி, பழைய பட்டறையிலேயே பழைய சம்பளத்துக்குச் சேர்ந்தேன். சொந்தக்காரர்கள் கேட்டார்கள், ஆறு மாதத்தில் கேட்பதை விட்டார்கள். மாலையில் ஜெர்மன் படித்தேன். பி1 சான்றிதழ் வந்த அன்று, நியூரம்பெர்க்கில் அட்டை வாங்கிய அந்தப் பொறியாளருக்கு ஜெர்மனில் ஒரு மின்னஞ்சல் எழுதினேன். மூன்று வாரம் கழித்து வீடியோவில் நேர்காணல். அதிலும் ஒரு மூத்த மேற்பார்வையாளர் இருந்தார். இந்த முறை அவர் கேட்டதற்கு நானே பதில் சொன்னேன்.

வேலை கிடைத்துவிட்டது. உடனே சேர்ந்துவிடலாமா?

முழுநேர வேலைக்குப் புது அனுமதி கையில் வந்த பிறகுதான் சேர வேண்டும். ஒப்பந்தம் கையெழுத்தான அன்றே வெளிநாட்டவர் அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள், பல ஊர்களில் நேரம் கிடைக்கவே வாரக்கணக்கில் ஆகும். பொறியியல் பற்றாக்குறைத் துறை என்பதால் 2026-இல் புளூ கார்டுக்கு ஆண்டுச் சம்பளம் 45,934.20 யூரோ இருந்தால் போதும். மற்றத் துறைகளுக்கு 50,700. சம்பளம் பேசும்போது இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 45,000 என்று எழுத வந்தால், விசாவுக்கு இவ்வளவு வேண்டும் என்று நேராகச் சொல்லலாம். நான் பார்த்தவரை அந்த வித்தியாசத்தைக் கூட்டிக் கொடுக்க நிறுவனங்கள் தயங்குவதில்லை.

முதல் ஆறு மாதம் பெரும்பாலும் சோதனைக் காலம், இரண்டு வார அறிவிப்பில் நிறுத்தலாம். அது முடியும்வரை ஊரிலிருந்து குடும்பத்தை அழைப்பதைத் தள்ளிவையுங்கள். மொழி வகுப்பை மட்டும் நிறுத்தாதீர்கள். புளூ கார்டில் பி1 இருந்தால் 21 மாதத்தில் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம், ஏ1 மட்டும் இருந்தால் 27 மாதம் ஆகும்.